செல்லக்காசு ஜோடிக்குக் குரங்கு செஞ்ச ஒத்தாசை

ஒரு காட்டுல, சிங்கம் புலின்னு பெரிய ஆளுங்க யாரும் எட்டிப் பாக்காத சின்னக் காட்டுல, தொப்ளான்னு ஒரு குரங்கு இருந்தான். யார் மாதிரி வேணும்னாலும் பேசிக் காட்டுவான். ஆந்தை மாதிரி அலறுவான், நரி மாதிரி ஊளையிடுவான். சும்மா இருக்க மட்டும் அவனுக்குத் தெரியாது.

அந்த வருஷ வெயில்ல குட்டை வத்திப்போச்சு. சேத்துல ரெண்டே ரெண்டு செல்லக்காசு மீனு துடிச்சுக்கிட்டு கெடந்துச்சு. மஞ்சளா, தட்டையா, காசு மாதிரி வட்டமா இருக்கும். ஆம்பள மீனு ஒண்ணு, பொம்பள மீனு ஒண்ணு. தொப்ளான் அதுங்களைத் தேங்காச் சிரட்டையில அள்ளிட்டு ஓடினான். மனுசங்க விட்டுட்டுப் போன பழைய பங்களா வராந்தாவுல ஒரு கண்ணாடித் தொட்டி கெடந்துச்சு. ஊத்துத் தண்ணியை ரொப்பி அதுல விட்டான்.

பின்னாலேயே கொக்கு வந்துச்சு.

“தம்பி, எனக்குன்னு எடுத்து வச்சிருக்கியா? ரொம்ப சந்தோசம்.”

“கொக்கண்ணே, இப்பத் தின்னா ரெண்டு மீனு. விட்டு வச்சா குஞ்சு பொரிச்சு குட்டை முழுக்க மீனு. யோசிச்சுப் பாருங்க.”

கொக்கு ஒத்தக் கால்ல நின்னு யோசிச்சுது. “சரி. மொத மழை அன்னைக்கு வருவேன். குஞ்சைக் காட்டணும். இல்லேன்னா ரெண்டையும் முழுங்கிட்டுப் போயிட்டே இருப்பேன்.”

“காட்டுறேண்ணே! என்னையத் தெரியும்ல?”

“தெரியும். அதான் சந்தேகமா இருக்கு.”

அன்னையிலேருந்து தொப்ளான் தொட்டியை விட்டு நகரலை. விடிஞ்சதும் கண்ணாடியில மூஞ்சியை ஒட்டி வச்சுக்கிட்டு, “என்ன, விசேஷம் ஏதாச்சும் உண்டா?”ன்னு கேப்பான். மத்தியானமும் கேப்பான். கொட்டாவி விட்டுக்கிட்டே கேப்பான். அணிலு, மைனா, ஓணான்னு எல்லாரையும் கூட்டியாந்தான். புதுசா கல்யாணம் ஆன வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்து எறங்குன கணக்கா, வந்தவங்க எல்லாம் அதையே கேட்டாங்க.

பொம்பள மீனு போயி கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு.

“அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய போனீங்கன்னா நல்லா இருக்கும்,” ஆம்பள மீனு பவ்யமா சொல்லிப் பாத்துச்சு.

“வெக்கப்படுறாங்க”ன்னு வந்தவங்களுக்குத் தொப்ளான் வெளக்கம் சொன்னான்.

மழை பேஞ்சாதான் மீனு முட்டை போடும்னு மைனா சொல்லுச்சு. அவ்வளவுதான்! தவளை மாதிரி கத்துனான். வாயாலயே இடி இடிச்சான். குளுந்த ஊத்துத் தண்ணியை இலையில மொண்டாந்து தூறலா விட்டான்.

இடிச் சத்தம் கேட்டு கொக்கு பறந்து வந்துச்சு. “மழையா?”

“இல்லண்ணே, நான்தான்.”

“நெனச்சேன்”னுட்டு கொக்கு திரும்பிப் போயிருச்சு.

ஆனா குளுந்த தண்ணி பட்டதும் ஜோடிக்கு மனசு எளகிருச்சு. ரெண்டும் சேந்து ஒரு தட்டைக் கல்லை வாயாலயே கொத்திக் கொத்திச் சுத்தம் பண்ணுச்சுங்க. மறுநாள் தொப்ளான் எட்டிப் பாத்தா, அந்தக் கல்லு மேல பொடிப்பொடியா, மஞ்சளா என்னமோ அப்பிக்கிட்டு இருந்துச்சு.

“அடச்சே! இம்புட்டு அழுக்குல எப்படிக் குஞ்சு பொரிக்கும்?”

கல்லை வெளிய எடுத்தான். தேங்கா நாரை வச்சுத் தேய்ச்சான். ஆம்பள மீனு பாஞ்சு வந்து வெரலைக் கடிச்சுது.

“ஏய், உனக்குத்தானடா வேலை பாக்குறேன், என்னையவே கடிக்கிற!”

வராந்தாவுக்கு அடியில தூங்கிட்டிருந்த முள்ளம்பன்னி, கூச்சல் கேட்டு எந்திரிச்சு வந்துச்சு. “கையில என்னடா அது?”

“அழுக்குக்கா.”

“முட்டைடா.”

தொப்ளான் நாரைப் பாத்தான். கல்லைப் பாத்தான். பளபளன்னு இருந்துச்சு.

“அக்கா... திரும்ப ஒட்ட வைக்க முடியுமா?”

“முடியாதுடா. சும்மா விட்டா அதுங்களே திரும்ப முட்டை போடும்”னுச்சு முள்ளம்பன்னி. கல்லைத் தொட்டிக்குள்ள வச்சான். பொம்பள மீனு அதைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. தொப்ளானுக்கு அன்னைக்கு எந்தக் குரலும் வரலை.

மறுநாள், “அக்கா, இனிமே நீ இந்த வாசல்ல படுத்துக்கணும். முள்ளைச் சிலுப்பிக்கிட்டு. தீனியையும் நீயே போட்டுடு”ன்னான்.

“கொக்கு வராம பாத்துக்கணுமா?”

“கொக்கு மழைக்குத்தான் வரும். நான் வராம பாத்துக்கணும்.”

கொஞ்சம் தள்ளி இருந்த புளியமரத்துல ஏறி உக்காந்தான். உக்கார முடிஞ்சுதா? ஒரு நாள் பொறுக்க மாட்டாம வந்து, “அக்கா, நான் அணிலு வந்திருக்கேன், கொஞ்சம் வழி விடுங்க”ன்னு கீச்சுன்னு பேசிப் பாத்தான். அணிலுக்கு ஏதுடா இம்புட்டு நீள வாலுன்னு கேட்டு, அக்கா பின்பக்கத்துல ஒரு முள்ளைச் செருகி அனுப்புச்சு.

ஒரு சாயந்தரம் நெசமாவே இடி இடிச்சுது. மொத தூறல் விழுறப்பவே கொக்கு வந்து எறங்கிருச்சு.

“எங்க குஞ்சு?”

“தெரியாதுண்ணே,” மரத்து மேலேருந்தே தொப்ளான் சொன்னான்.

“தெரியாதா? வளக்குறவன் நீதானடா?”

“நான் வளத்தா உருப்படாதுன்னுதாண்ணே இங்க உக்காந்திருக்கேன்.”

“அப்போ நானே பாக்குறேன்.”

கொக்கு கழுத்தை நீட்டி தொட்டிக்குள்ள விட்டுச்சு. தொப்ளான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டான். சளக்குன்னு தண்ணிச் சத்தம். ஆம்பள மீனு எகிறி வந்து கொக்கு மூக்குலயே ஒரு முட்டு முட்டுச்சு!

கொக்கு தலையை வெளிய எடுத்துச்சு. “அடேயப்பா! பொம்பள மீனைச் சுத்தி கொசு மொய்க்கிற மாதிரி மொய்க்குது. அத்தனையும் குஞ்சு. சரி, பொழச்சுப் போங்க.”

தொப்ளான் தொபுக்கட்டீர்னு குதிச்சான். “நெசமாவா? நானும் பாக்குறேன்!”

வாசல்ல அக்கா முள்ளெல்லாம் சிலுத்துக்கிட்டு நின்னுச்சு. “எங்கடா?”

“ஒரே ஒரு தடவைக்கா...”

அக்கா நகரலை. தொப்ளான் ரெண்டு எட்டு பின்னால போயி, நனைஞ்சுக்கிட்டே மரத்துல ஏறிட்டான்.

அணிலு ஓடி வந்து, “தொப்ளாண்ணே, எல்லாம் உங்க கைராசி!”ன்னுச்சு.

“கையை வச்சப்ப என்ன ஆச்சுன்னு அக்காகிட்ட கேட்டுப் பாரு. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தப்பதான் குஞ்சு வந்துச்சு”ன்னான் தொப்ளான்.

நீதி: ஒருத்தருக்கு நல்லது நடக்கணும்னு நெனச்சா, வேண்டியதைச் செஞ்சுட்டு தள்ளி நிக்கவும் தெரியணும்.