ஏரிக்கரையில் பொன்னாடை

செம்பியூரை ஆண்ட கடம்பராயருக்கு ஒரே தலைவலி. ஊரே குடிக்கிற பெரிய ஏரியில் ஊரே குப்பையும் கொட்டியது. தண்ணீர் நாறியது. குழந்தைகள் வயிற்றுப்போக்கில் துவண்டன.

மந்திரி ஞானவரோதயர், ஏரியைக் காக்கச் சொல்லி நூறு பாட்டு எழுதிக் கரையில் நின்று அவரே பாடினார். ஒருவருக்கும் ஒரு வரி புரியவில்லை. ஜனங்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை ஏரியிலேயே துப்பிவிட்டுப் போனார்கள்.

அரசர் சவுக்கோடு காவலரை நிறுத்தினார். காவலர் தலை மறைந்ததும் கூடைகள் வந்தன.

சபையில் விகடம் பேசும் இடும்பன் சிரித்தான். மந்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரசே, அடிக்காமல், ஒருவரையும் ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் இவன் இதை நிறுத்தட்டும். இல்லையென்றால் ஊரைவிட்டே போகட்டும்."

"சம்மதமா?" என்றார் அரசர்.

"சம்மதம். நாதஸ்வர கோஷ்டியும் ஒரு மூட்டைப் பொன்னாடையும் கொடுங்கள்."

மறுநாள் காலை, சுத்த சைவர் என்று பேர் வாங்கிய தர்மகர்த்தா உலகளந்தார் கூடையோடு வந்தார். கவிழ்த்தார். உடனே நாதஸ்வரம் முழங்கியது. இடும்பன் அவருக்குப் பொன்னாடை போர்த்தி உரக்கச் சொன்னான்: "இன்றைய முதல் காணிக்கை, தர்மகர்த்தா ஐயா வீட்டு விரால் முள். நேற்றுக் குழம்பு போலிருக்கிறது. ஐயா நீடூழி வாழ்க."

ஊர் கூடிவிட்டது. தர்மகர்த்தா பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்.

அடுத்து மந்திரி வீட்டு வேலைக்காரி ஓலைக்கட்டு ஒன்றை வீசினாள். மேளம் கொட்டியது. "இது என்ன காணிக்கை, தாயே?" என்று கேட்டான் இடும்பன்.

"ஐயா எழுதின ஏரிப் பாட்டு. அடுப்புல வச்சாலும் புகையுதுன்னு அம்மா கொட்டச் சொன்னாங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அதற்குப்பின் ஒரு கூடையும் வரவில்லை. வீட்டுக்கு வீடு கொல்லையில் குழி தோண்டிக் குப்பையைப் புதைத்தார்கள்.

சில நாளில் நாதஸ்வரம் அரண்மனை வாசலிலேயே கேட்டது. அரசர் வெளியே வந்தார். "இங்கே யாருக்கு மரியாதை?"

"தங்களுக்குத்தான். அரண்மனைச் சமையற்கட்டுச் சாக்கடை நேராக ஏரிக்குத்தான் போகிறது. இவ்வளவு பெரிய கொடையாளிக்கு எத்தனை முழம் பொன்னாடை வேண்டுமென்று அளவெடுக்க வந்தேன்."

அரசர் முகம் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சாக்கடையை வாழைத்தோட்டத்துக்குத் திருப்ப ஆணையிட்டார். "இடும்பா, வா. என் கையாலேயே உனக்கு ஒரு பொன்னாடை."

இடும்பன் இரண்டடி பின்வாங்கினான். "ஒரு பசுமாடு கொடுங்கள், போதும் அரசே. பொன்னாடையோடு வீட்டுக்குப் போனால், என்னத்தைக் கொட்டிவிட்டு வந்தாய் என்று என் பெண்டாட்டி உள்ளே விடமாட்டாள்."