வானத்துக் கண்ணுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

"தப்பாப்போன கண்ணாடியைச் சரி பண்றது எப்படி குருவம்மா?" என்று தணிகாசலம் கேட்டார்.

கேட்டது கண்ணாடியைப் பற்றி. கேட்க வந்தது அதை இல்லை என்று குருவம்மாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கொட்டகைக்கு வெளியே அவர் மனைவி வேதவல்லி, கொடியில் காய்ந்த தன் சேலைகளை மட்டும் உருவி மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய வேட்டியும் துண்டும் கொடியிலேயே ஆடிக்கொண்டிருந்தன. மத்தியான பஸ்ஸில் அவள் மலையிறங்கி அக்கா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருவதாக இல்லை.

"மெல்லப் பேசுங்கண்ணா, இப்பதான் தூங்கினான்" என்றாள் குருவம்மா. தூளிக்குள் அவள் பிள்ளை.

குருவம்மாவின் பேர் மங்கையர்க்கரசி. முப்பத்து நாலு வயசு. கீழே ஊரில் வானத்தைப் பற்றிப் படித்துவிட்டு, ஜவ்வாது மலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வருகிறவர்களுக்குத் தொலைநோக்கி செய்யச் சொல்லிக்கொடுக்கிறாள். வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள். அரசி என்று கூப்பிடுங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. கிண்டலுக்கு ஒருத்தர் குருவம்மா என்றார், அது ஒட்டிக்கொண்டது.

அங்கே வேலை இப்படி. ஒரு டிரம்மின் மேல் கண்ணாடி வட்டு ஒன்றை அசையாமல் பதித்திருப்பார்கள். அதன்மேல் எமரி என்கிற சாணைத் தூளும் தண்ணீரும் விட்டு, இன்னொரு வட்டை வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தேய்த்தபடியே டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். நாளாக நாளாக மேல் வட்டு கிண்ணம் போலக் குழியும். பிறகு நைஸ் தூளுக்கு மாறி, கடைசியில் மெருகு ஏற்ற வேண்டும். அதுதான் வெளிச்சத்தை வாங்கிச் சேர்க்கும் கண்ணாடி.

கணவன் மனைவி சேர்ந்து வந்தால் முறை வைத்துத் தேய்க்க வேண்டும். ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் கை படக் கூடாது. ஒரு கையின் கோணலை இன்னொரு கை எடுத்துவிடும் என்பது குருவம்மாவின் கணக்கு.

தணிகாசலம் வாணியம்பாடியில் தையல்கடை வைத்திருந்தவர். பிறத்தியார் போட்ட தையலைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். வேதவல்லி தேய்த்துவிட்டு ஓடைக்குத் துணி துவைக்கப் போனதும், அவர் எழுந்துபோய் அவள் தேய்த்ததன் மேல் ஒரு தடவை தேய்த்துவிடுவார். அழுத்தித் தேய்ப்பார். 'அப்பத்தான் பதமா வரும்' என்று தனக்கே சொல்லிக்கொள்வார்.

அன்று காலை சோதனை. கதவைச் சாத்தி, சின்ன விளக்கு ஒன்றை ஏற்றி, கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைப் பிளேடு முனையால் அறுத்துப் பார்த்தாள் குருவம்மா. கண்ணாடியின் ஓரம் சுற்றிலும் சரிந்திருந்தது. தையல்காரருக்குப் புரிகிறபடி சொன்னால், பாவாடை ஓரம் தொங்கிப்போயிருந்தது.

"அவ கை அப்படிம்மா" என்று தணிகாசலம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வாய் தானாகச் சொன்னது. வேதவல்லி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அதற்கப்புறம்தான் இந்தக் கேள்வி.

குருவம்மா தூளிக்கயிற்றைக் கால் விரலால் ஆட்டிக்கொண்டே, "வானத்துல ஹப்பிள்னு ஒரு தொலைநோக்கி சுத்துதே, தெரியுமில்ல?" என்றாள்.

"நீங்க சொல்லிக் கேட்டதுதான்."

"அதுக்கும் ஓரம் சரிஞ்சுபோச்சு."

தணிகாசலம் நிமிர்ந்தார். "நெஜமாவா?"

"நெஜமா. ஆள் உயரத்தைவிட அகலமான கண்ணாடி. வருஷக்கணக்கா தேய்ச்சாங்க. அவ்வளவு வழவழப்பு. விண்வெளி ஓடத்துல வச்சுக் கொண்டுபோய் மேல விட்டாங்க. அங்க காத்து கெடையாது, தூசி கெடையாது. நட்சத்திரம் ஊசி குத்தின மாதிரி தெரியணும். மொதப் படம் வந்துச்சு. தண்ணி பட்ட மை மாதிரி பரவிக் கெடந்துச்சு."

"எவ்ளோ சரிஞ்சது?"

"ஒரு தலைமுடியை அம்பதாப் பிளந்தா, அதுல ஒண்ணு."

தணிகாசலம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். "மேல அனுப்பறதுக்கு முன்னாடி சோதிக்கலையா?"

"சோதிச்சாங்க. ஒண்ணுக்கு மூணு கருவி. பெரிய கருவி, நல்லா இருக்குன்னுச்சு. சின்னது ரெண்டும் தப்புன்னுச்சு."

"அப்புறம்?"

"சின்னதுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டாங்க. கடைசில பாத்தா, பெரிய கருவிக்குள்ள ஒரு வில்லை நகக்கனம் தள்ளி உக்காந்திருந்துச்சு."

தணிகாசலத்துக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் வேதவல்லி, 'ஓரத்துல ஏதோ வழுக்குதுங்க' என்றாள். 'உனக்கு என்ன தெரியும்' என்று அவர் சொல்லியிருந்தார்.

"கீழ எறக்கித் திரும்பத் தேய்ச்சிருக்கலாமே."

"எறக்கினா மறுபடி ஏத்துவாங்களானு யாருக்குத் தெரியும்?"

"வேற கண்ணாடி மாத்தறது."

"இருந்துச்சே. இன்னொரு எடத்துல தேய்ச்சது. தப்பே இல்லாதது. பெட்டிக்குள்ள பத்திரமா கீழ இருந்துச்சு. பறந்துக்கிட்டிருக்கிற ஒண்ணுக்கு நடுவழியில கண்ணைப் புடுங்கி மாத்த முடியுமாண்ணா?"

"அப்ப என்னதான் செஞ்சாங்க?"

"மூக்குக்கண்ணாடி போட்டாங்க. மனுசங்க மேல போய், அந்தரத்துல தொங்கிக்கிட்டு, கையால மாட்டிட்டு வந்தாங்க. பெரிய கண்ணாடியில எவ்ளோ தப்போ, துல்லியமா அதே அளவு, எதிர்ப்பக்கமா வளைச்ச சின்னச் சின்னக் கண்ணாடி. தப்பும் தப்பும் கழிஞ்சு நட்சத்திரம் ஊசிமுனையா நின்னுச்சு."

"தப்பு துல்லியமா இவ்ளோதான்னு எப்படித் தெரிஞ்சது?"

"தேய்ச்ச எடத்துக்குப் போனாங்க. அந்தக் கருவி அப்படியே இருந்துச்சு. யாரும் கழட்டல, நகத்தல. அளந்து பாத்தாங்க."

தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"கழட்டி மறைச்சிருந்தா?"

குருவம்மா தூளியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு நேரமாகுதுண்ணா" என்றாள்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பலாமரம். அதன் கீழே வேதவல்லி பையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் செருப்பில்லாமல் வந்து நின்றார்.

"வேதா."

"மழை இருட்டுது. வேட்டியை எடுத்து உள்ள போடுங்க."

"உன் கை இல்ல வேதா. என் கைதான்."

"தெரியும். சோப்பு மறந்துட்டுத் திரும்ப வந்தேன் ஒரு நாளு. பாத்தேன்."

"பாத்தியா? ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். சொன்னீங்களே, எல்லார் எதிர்லயும். நல்லா சொன்னீங்க."

அவர் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். அவள் பையை நகர்த்தவில்லை. நின்றபடியே சொன்னார். "அந்த ஒரு நாள் மட்டும் இல்ல. தெனமும்."

"தெனமுமா?"

"உன் மொறை முடிஞ்சு நீ ஓடைக்குப் போனதும். நீ தேய்ச்ச அளவுக்கு நானும் தேய்ப்பேன். சில நாள் கூடவே."

"அழுத்தியா?"

"அழுத்தித்தான்."

வேதவல்லி ரோட்டைப் பார்த்தாள். "சனிக்கு வளையம் இருக்காம், பாக்கணும்னு கேட்டது யாரு? நானு. வாங்கின தொலைநோக்கியில வேணாம், நானே தேய்ச்ச கண்ணாடியில பாக்கணும்னு ஆசைப்பட்டது யாரு? இப்ப அதுல என் கை எங்க இருக்குது? எல்லாம் உங்க கை."

தணிகாசலம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கடையில ஓரம் மடிச்சு நான் போட்ட ஹெம்மிங்கு?" என்றாள் திடீரென்று.

"அது எதுக்கு இப்ப?"

"பிரிச்சுப் போட்டிருக்கீங்களா இல்லையா?"

"...போட்டிருக்கேன்."

"எல்லாமே?"

"முக்காவாசி."

"பட்டனு?"

"பட்டன் இல்ல. சத்தியமா இல்ல. பட்டன் நீ நல்லா தைப்ப."

"பட்டனையாவது விட்டீங்களே மகராசா!" அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏம்மா, ஏறுறியா, இல்ல குடும்பக் கதை முடியட்டுமா?" என்றான்.

வேதவல்லி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். தணிகாசலம் ஒரு அடி பின்னால் போய் வழி விட்டார். கையைப் பிடித்து நிறுத்தவில்லை. அது புதுசாக இருந்தது அவளுக்கு. எப்போதும் அவர் பையைப் பிடுங்கி, அதைத் திரும்பத் தன் மாதிரி அடுக்கித்தான் கொடுப்பார்.

"நீ போ தம்பி. சாயங்கால வண்டியைப் பாத்துக்கிறேன்" என்றாள்.

பஸ் போன புழுதி அடங்கும்போது, குருவம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆளில்லாத ரோட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள்.

"ஓரத்தை எடுக்க முடியுமா குருவம்மா?" என்று வேதவல்லி கேட்டாள்.

"முடியும்க்கா. மெருகை விட்டுட்டு நைஸ் தூளுக்குத் திரும்பப் போகணும். பொறுமையா பண்ணணும்."

"அப்ப நான்தான் தேய்ப்பேன். முழுசா நான். இவர் எதிர்லயே உக்காந்து பாக்கணும். கையைக் கொண்டுவரக் கூடாது. வாயைத் தொறக்கக் கூடாது. ஓடைக்கு நான் போகப்போறதில்ல, அவரே துவைச்சுக்கட்டும். இதுக்கு ஒத்துக்கிட்டா சாயங்கால வண்டியையும் விட்டுடறேன்."

தணிகாசலம் குருவம்மாவைப் பார்த்தார். அடி விழுந்தாலும் இந்த முழி முழித்திருக்க மாட்டார்.

"வேலை செய்யாம, கையைக் கட்டிக்கிட்டு, சும்மா பாத்துக்கிட்டே இருந்தா என்னம்மா தெரியப்போகுது?"

குருவம்மா பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"மூக்குக்கண்ணாடி போட்டாச்சு. ஹப்பிளுக்குப் பார்வை நல்லா தெரியுது. உலகத்துல இருக்கிற படிச்சவங்க எல்லாம் எனக்குக் கொஞ்சம் நேரம் குடு, எனக்குக் கொஞ்சம் நேரம் குடுன்னு வரிசையில நிக்கிறாங்க. அப்ப அதைப் பாத்துக்கிற எடத்துத் தலைவர், தன் பங்கு நேரத்தை எடுத்து, சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் ஒரு எடத்தைக் காட்டித் திருப்பச் சொன்னார். கையை நீட்டி ஒரு மணல் துகளைப் பிடிச்சா எவ்ளோ மறையுமோ, அவ்ளோதான் அந்த எடம். அங்க ஒண்ணும் இல்ல. இருட்டு."

"ஒண்ணும் இல்லாததையா பாக்கச் சொன்னார்?" என்றாள் வேதவல்லி.

"எல்லாரும் அதைத்தான்க்கா கேட்டாங்க. வெட்டி வேலைன்னாங்க. அது பத்து நாள் அங்கேயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஒரு நட்சத்திரம் பளபளன்னு இருக்கேன்னு அதும் பக்கம் திரும்பல. அந்த இருட்டை மட்டும்."

"என்ன தெரிஞ்சது?" இது தணிகாசலம்.

"மூவாயிரம் அண்டம்."

"நட்சத்திரமா?"

"அண்டம்ணா, நம்ம பால்வெளி மாதிரி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் கோடிகோடியா நட்சத்திரம்."

தணிகாசலம் வாய் பிளந்தார். "அத்தனையும் மொதல்லயிருந்தே அங்கதான் இருந்துச்சா?"

"எங்க போவும்?"

மழை தூற ஆரம்பித்தது. வேதவல்லி பையைக் கணவனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் கொட்டகையில் நைஸ் தூள் தேய்கிற சத்தம் கேட்டது. வேதவல்லி டிரம்மைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் தணிகாசலம். கை இரண்டையும் தொடைக்கு நடுவில் செருகியிருந்தார். ஒருமுறை வலது கை தானாக வெளியே வந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். கை உள்ளே போனது.

முதலில் அவருக்குத் தப்புகள்தான் தெரிந்தன. மெதுவாகத் தேய்க்கிறாள். அடிக்கடி நிற்கிறாள். முழங்கையை மடக்கிக்கொள்கிறாள். சொல்ல முடியாததால் தொடையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பிறகு, எதற்கு நிற்கிறாள் என்று பார்த்தார். நின்று, தலையைச் சாய்த்து, தூளின் சத்தத்தைக் கேட்கிறாள். சரசரப்பு குறைந்ததும் ஒரு சொட்டு தண்ணீர் விடுகிறாள். அவர் ஒருநாளும் சத்தத்தைக் கேட்டதில்லை. அழுத்துகிற அழுத்தில் கேட்டிருக்காது. கண்ணாடி தன் கனத்திலேயே போய்த் தன் கனத்திலேயே வருகிறது. அவள் விரல் அதன்மேல் சும்மா கிடக்கிறது, தூங்குகிற பிள்ளையின் முதுகில் வைத்த மாதிரி.

கீழே வளைவில் சாயங்கால வண்டி ஹாரன் அடித்தது. அவள் நடை நிற்கவில்லை.

தணிகாசலம் அதையும் பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? என்னை இப்பதான் புதுசா பாக்குற மாதிரி" என்றாள் வேதவல்லி.

அவர் வாயைத் திறந்தார். நிபந்தனை நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"கேக்கறேன் இல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

மூலையில் பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த குருவம்மா, தலை நிமிராமலே சொன்னாள்.

"அவரைப் பேச்சுக்கு இழுக்காதீங்கக்கா. இன்னிக்குத்தானே மொத நாளு."