ஏழாயிரம் உள்ளான்களும் ஒரே ஒரு திட்டும்

ஓர் உப்பங்கழியின் நடுவே மணல்திட்டு ஒன்று இருந்தது. ஐப்பசி பிறந்ததும் வடக்கேயிருந்து கொசு உள்ளான்கள் வந்து அதில் இறங்கும். பெயருக்கேற்ற பறவைகள்தான். உள்ளங்கைக்குள் ஒன்றை வைத்து மூடிவிடலாம். ஆனால் மலையையும் பாலைவனத்தையும் தாண்டி வருகிறவை. கழிச் சேற்றில் புழு பொறுக்கித் தின்று, பங்குனிக்குள் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். கொழுப்பு ஏறாவிட்டால் பாதி வழியில் விழ வேண்டியதுதான்.

அதே கழியில் ஒரு பூனைப்பருந்தும் குளிர்காலம் கழிக்க வந்திருந்தான். கோரைப்புல்லை உரசிக்கொண்டு தாழப் பறப்பான். பக்கத்தில் வரும்வரை தெரியாது. அவனைத் தூரத்திலேயே பார்த்துக் கத்தக்கூடிய கண்ணும் தொண்டையும் ஒருவருக்குத்தான் இருந்தன. அவர் ஆள்காட்டி. கழியோ பெரியது, ஆள்காட்டியோ ஒருவர். ஆகவே அவர் யார் பக்கத்தில் நின்று காவல் காப்பது என்று வருஷாவருஷம் பறவைகள் கூடி முடிவு செய்யும்.

அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள். போன வருஷத்தைவிட யார் எண்ணிக்கை குறைந்திருக்கிறதோ, அவர்களுக்குத்தான் காவல். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எண்ணிச் சொல்லும் வேலையைப் பூனைப்பருந்திடம் கொடுத்திருந்தார்கள். மேலே பறப்பவன் அவன், எல்லாரும் அவன் கண்ணில் படுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். காவல் எங்கே வேண்டும் என்று திருடனைக் கூப்பிட்டுக் கேட்ட புத்திசாலிகளை என்ன சொல்ல! ஆனால் ஒன்று, பருந்து எண்ணிக்கையில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பொய்க்குத் தேவையே வரவில்லை.

அந்த வருஷம் திட்டில் என்றும் இல்லாத கூட்டம். பொடிச்சி என்ற உள்ளானுக்கு முதலில் ஒரே சந்தோஷம். நம் சனம் இவ்வளவு பெருகிவிட்டதே என்று பூரித்துப் போனாள். ஐந்து வருஷமாக அதே திட்டில் இறகை விரித்து உதறிக்கொள்ள அவளுக்கு இடம் இருந்தது. இப்போது இறகோடு இறகு உரசியது. பக்கத்தில் நின்றவளிடம் எந்த ஊர் என்று விசாரித்தாள்.

வடக்கே ஓர் ஏரியாம். மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டார்களாம். இந்தப் பக்கம் நின்றவனைக் கேட்டாள். அவன் இருந்த கழியை இறால் குட்டையாக வெட்டிவிட்டார்கள். அடுத்தவனுடைய சேறு காய்ந்து கட்டாந்தரையாகிவிட்டது. அதற்கடுத்தவள் நின்ற திட்டு இதே கழியில்தான் இருந்தது. அதைச் சுற்றி வரப்பு போட்டு உப்பளமாக்கிவிட்டார்கள்.

இருபது பேரைக் கேட்டாள். பழைய ஆட்கள் மூன்று பேர், மற்ற எல்லாரும் ஓடிவந்தவர்கள். பொடிச்சிக்கு விஷயம் புரிந்தது. சனம் பெருகவில்லை. இருந்த இடமெல்லாம் போய், மிச்சம் இருப்பவர்கள் இந்த ஒரு திட்டில் வந்து குவிந்திருக்கிறார்கள்.

மறுநாள் பறவைகள் கூடின. பருந்து ஒரு முளைக்குச்சியின் மேல் அடக்கமாக உட்கார்ந்து கணக்கைச் சொன்னான்.

"பூநாரை போன வருஷம் முந்நூறு. இப்ப இருநூத்தி அறுபது. கொசு உள்ளான் போன வருஷம் மூவாயிரம். இப்ப ஏழாயிரம். சந்தேகம்னா நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க."

யார் எண்ணினாலும் அவ்வளவுதான் வரும். பூநாரைகளின் தலைவி கழுத்தை வளைத்துக் கண்ணீர் விட்டாள். நாற்பது பேர் குறைந்துபோனோமே என்று அவள் அழுததைப் பார்த்து நாரை, ஆலா எல்லாம் சேர்ந்து உச்சுக் கொட்டின.

பொடிச்சி கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள். அவ்வளவு பெரிய பறவைகளுக்கு நடுவில் அவளைப் பார்க்க எல்லாரும் குனிய வேண்டியிருந்தது. அந்த நாற்பது பேரும் எங்கே என்று பூநாரையைக் கேட்டாள். தெற்கே ஓர் ஏரியில் தண்ணீர் நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருக்கிறார்கள் என்று பூநாரையே சொன்னாள். அது பிடிக்காவிட்டால் இன்னும் மூன்று ஏரி இருக்கிறதாம்.

பொடிச்சி ஆள்காட்டியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவங்க போக இடம் இருக்கிறதால கொறைஞ்சிருக்காங்க. நாங்க போக இடம் இல்லாம கூடியிருக்கோம். எத்தனை பேருன்னு கேக்காதீங்க. ஒவ்வொருத்தரையும் போன வருஷம் எங்க இருந்தேன்னு கேளுங்க."

ஆள்காட்டி கெட்டவர் இல்லை. ஆனால் சட்டத்தைத் தாண்டி யோசித்துப் பழக்கமில்லாதவர். "ஏழாயிரம் பேரு இருந்துகிட்டு பயப்படுறியே தங்கச்சி. அவங்க எரநூத்தி சொச்சம்தான். மனசாட்சி வேணாமா?" என்றார்.

பருந்து பேச வேண்டியதை எல்லாம் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆள்காட்டி போய்ப் பூநாரைகளின் பக்கத்தில் நின்றுகொண்டார். பூநாரைக்குக் காலோ பனைமட்டை நீளம். ஆழத் தண்ணீரில் நிற்கிற அவளை இந்தப் பருந்து தொட்டதாகச் சரித்திரமே கிடையாது.

அன்றிலிருந்து திட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கடல்நீர் வற்றியிருக்கும் நேரத்தில் உள்ளான்கள் சேற்றில் பரவி மேயலாம். நீர் ஏறிவிட்டால் ஏழாயிரம் பேரும் அந்தத் திட்டில்தான் நெருக்கியடித்து நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பருந்து வருவான். ஒன்றைத் தூக்குவான், போய்விடுவான். மறுநாளும் வருவான். ஒருவர் போனதைவிட மற்றவர்கள் பதறிப் பறந்ததுதான் பெரிய நஷ்டம். மேய்ந்து சேர்த்த கொழுப்பெல்லாம் பயத்திலேயே கரைந்தது. கோரை அசைந்தால் திடுக்கிட்டார்கள், மேக நிழல் விழுந்தால் திடுக்கிட்டார்கள். பங்குனி நெருங்க நெருங்க உடம்பு இளைத்துக்கொண்டே போனது.

காவல் கிடைக்காத பொடிச்சி தானே காவல் நிற்க ஆரம்பித்தாள். பழைய திட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கோரைப் பக்கத்து ஓரத்தில் நின்றாள். புதிதாக வந்தவர்களை நடுவில் விட்டார்கள். அவர்கள் களைத்துப்போய் வந்தவர்கள், இடம் பழகாதவர்கள் என்று அவள் சொன்னாள். பருந்தைப் பார்த்தால் கத்துவாள். அவள் குரல் பத்தடி கேட்டால் அதிகம்.

தை மாதப் பௌர்ணமி. கடல் பொங்கி உள்ளே ஏறும் நாள். உச்சிப்பொழுதில் திட்டு பாதிக்குமேல் மூழ்கி, ஒரு கட்டில் அகலத்துக்கு மணல் மிஞ்சியது. ஒருவர் முதுகில் ஒருவர் நின்றார்கள். பருந்து கோரைக்குள்ளிருந்து வந்தான்.

பொடிச்சி கத்தினாள். ஏழாயிரம் பேரும் ஒரே வீச்சில் எழும்பினார்கள்.

ஆள்காட்டி தூரத்திலிருந்து பார்த்தார். முன்பெல்லாம் கூட்டம் இப்படி எழும்பினால் ஒரு வளைவு வளைந்து அடுத்த திட்டில் போய் இறங்கிவிடும். இன்று வளைந்தது. இறங்கவில்லை. அடுத்த திட்டு இருந்த இடத்தில் உப்பள வரப்பில் நாய்கள் நின்றன. கரையில் மரங்கள் இருந்தன. உள்ளானுக்குக் கிளையைப் பிடித்து உட்காரத் தெரியாது. கூட்டம் திரும்பி வந்தது. திட்டின் மேல் பருந்து சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். துரத்த வேண்டிய வேலையே அவனுக்கு இல்லை.

கூட்டம் சுற்றியது. மறுபடி சுற்றியது. ஏன் எங்கும் போக மாட்டேன் என்கிறார்கள், ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஆள்காட்டி தனக்குத்தானே புலம்பினார். ஆறாவது சுற்றில் முதல் உள்ளான் தண்ணீரில் விழுந்தது. இளைத்த உடம்பு, நனைந்த இறகு. அது எழும்பவில்லை. பிறகு ஒன்று, பிறகு பத்து. மழை தொடங்குவது போல விழுந்தார்கள். வானத்தில் ஏழாயிரம் பேர் இருந்தார்கள். கால் வைக்க ஓரிடம் இல்லை. பொடிச்சி சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

பூநாரைகள் கூப்பிடக் கூப்பிட அவர் பறந்தார். தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பருந்தின் தலையில் பாய்ந்தார். கொத்தினார், மறுபடி பாய்ந்தார். எப்போதும் பயந்தவர்களையே பார்த்துப் பழகிய பருந்துக்கு இது புதிது. சலித்துக்கொண்டு எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டான்.

உள்ளான்கள் கொத்துக்கொத்தாக வந்து இறங்கின. நின்றால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டன. ஆள்காட்டி அவர்களுக்கு நடுவே தேடினார்.

"பொடிச்சி! தங்கச்சி, நீ சொன்னதுதான் சரி. இனிமே நான் இங்கதான் நிப்பேன். எங்கம்மா இருக்க?"

பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார்.

"எந்தப் பொடிச்சி? நாங்க வடக்கு ஏரிங்க."

அடுத்தவளைக் கேட்டார். அவள் இறால் குட்டைக்காரி. அதற்கடுத்தவன் கட்டாந்தரையிலிருந்து வந்தவன். அந்தத் திட்டில் அத்தனை ஆயிரம் பேர் நின்றார்கள். ஓரத்தில் காவல் நின்று மற்றவர்களைவிட இளைத்திருந்த பழைய திட்டுக்காரர்கள்தான் முதலில் தண்ணீரில் விழுந்திருந்தார்கள். பொடிச்சி யார் என்று சொல்ல ஒருவர்கூட மிஞ்சவில்லை.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு முன்னால், அவர்களுக்கு வேறு போக்கிடம் இருக்கிறதா என்று கேட்பவனே சரியான காவல்காரன்.