பன்னிரண்டு துறை கேட்ட ராஜா

முன்னொரு காலத்தில் தென்கடல் நடுவே சங்குத்தீவு என்று ஒரு நாடு இருந்தது. காலையில் கரையோரமாக நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். நாடு அவ்வளவுதான். கருவாடும் உப்பும் தேங்காயும் விற்றுப் பிழைத்த அந்தத் தீவையும் ஒரு ராஜா ஆண்டு வந்தார். பெயர் வலம்புரிக்கோன். நல்ல மனிதர்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு.

ஒருமுறை அவர் அக்கரையில் இருக்கும் மாமனார் அரண்மனைக்கு விருந்துக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. என்ன நடந்தது என்று ராணி கேட்டும் சொல்லவில்லை. மறுநாள் சபையில், மாமனார் ஆட்சியில் பன்னிரண்டு துறைகள் இருக்கின்றன, நமக்கும் பன்னிரண்டு வேண்டும், ஒரே மாதத்தில் வேண்டும் என்றார்.

பிரதானி குழைக்காதருக்கு வாயெல்லாம் பல். தன்னைத் தவிர வேறு யார் பேச்சும் ராஜா காதில் விழக்கூடாது என்று நினைப்பவர் அவர். தன் மூத்த மைத்துனருக்கு யானைத் துறை, இளையவருக்கு ஆற்றுத் துறை என்று பங்கு வைத்தார். தீவில் யானையும் கிடையாது, ஆறும் கிடையாது. இல்லாததைத்தானே ஆள் போட்டுக் கவனிக்க வேண்டும் என்று விளக்கமும் சொன்னார். துறைக்கொரு மண்டபம் கட்ட, அரண்மனை வாசலில் பனந்தடிகள் குவிந்தன.

வடகரையில் வடிவம்மை என்று ஓர் இளம்பெண் இருந்தாள். மடியில் ஐந்து மாதக் குழந்தை. அதற்கு முன் ஒன்று பிறந்து, போன வருஷம் தெற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தபோது காய்ச்சலில் போய்விட்டது. அந்தக் காற்று எழுந்தால் தெற்கே இருக்கும் ஒரே துறையில் படகு அணையாது. வடக்கே கடல் அமைதிதான், ஆனால் கரை முழுக்கப் பாறை. பக்கத்துத் தீவு மருத்துவச்சி அன்று பாறைக்கு அப்பால் படகில் நின்று, மருந்துப் பையைத் தூக்கிக் காட்டி அழுதாள். வடிவம்மை கரையில் குழந்தையைத் தூக்கிக் காட்டி அழுதாள்.

பிறகு அவள் பிரதானியிடம் போய் வடக்கே ஒரு துறை கேட்டாள். அரசர் ஆணையில்லாமல் ஒரு கல்லை நகர்த்தினாலும் விலங்குதான் என்று விரட்டிவிட்டார்.

இப்போது பறை அறைகிறவன் ஊருக்குள் வந்து, "தீவுக்குப் பன்னிரண்டு துறை வேண்டும், இது அரசர் ஆணை" என்றான். வடிவம்மை ஓடிவந்தாள்.

"துறைன்னுதானே சொன்னீங்க, அண்ணே?"

"துறைதான், தங்கச்சி."

எல்லார் முன்னாலும் மூன்று தரம் சொல்லவைத்தாள். மறுநாள் ஊர்ப் பெண்கள் அரண்மனை வாசலில் போய்ப் பனந்தடியைத் தூக்கினார்கள். காவலர்கள் மறித்தார்கள். துறை கட்டத்தான் என்றதும் வழிவிட்டு, ஒரு கை பிடித்துத் தோளிலும் ஏற்றிவிட்டார்கள். இருபது நாளில் பாறைகளுக்கு மேலே வடக்குத் துறை நீண்டு நின்றது.

குழைக்காதர் அவளைக் குழந்தையோடு சபைக்கு இழுத்து வந்தார். "ஆட்சித் துறைக்கு வைத்த மரத்தில் படகுத் துறை கட்டியிருக்கிறாள். சொல்லின் பொருள் தெரியாத மூடம்."

ராஜா குனிந்து பார்த்தார். "உண்மையிலேயே தெரியாதா? இல்லை, நடிப்பா?"

பொய் சொன்னால் தப்பிக்கலாம். ஆனாலும் வடிவம்மை உண்மையைச் சொன்னாள்: "நடிப்புத்தான், மகராசா. பயந்துக்கிட்டேதான் நடிச்சேன். ஒன்னைத் தூக்கிக்கிட்டுக் கரையில நின்னுட்டேன். இதையும் தூக்கிக்கிட்டு நிக்க என்னால முடியாது."

ராஜா மீசையைத் தடவினார். பிறகு மெல்லச் சொன்னார்: "மாமனார் என்னிடம் உமக்கு எத்தனை துறை என்று கேட்டார். நான் ஒன்று, அதிலும் இரண்டு பலகை போய்விட்டது என்றேன். அவர் சபையே சிரித்தது. எனக்கு நடிப்பில்லை அம்மா. நிஜமாகவே எனக்குத் துறை என்றால் படகுத் துறைதான்."

முதலில் பக்கத்தில் இருந்த ராணி சிரித்தாள். பிறகு ராஜாவே சிரித்தார்.

வடிவம்மையை அன்றே வடக்குத் துறைக்குத் தலைவி ஆக்கினார். யானைத் துறைக்காரரைக் கூப்பிட்டு, "யானைதான் இல்லையே, இனி நீரே தடி சுமந்து துறையைப் பழுது பாரும்" என்றார். ஆற்றுத் துறைக்காரர் வேலையாட்களுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். இரண்டு பேரையும் மேய்க்கும் வேலை குழைக்காதருக்கு, வெயிலில் நின்றபடி.

கச்சான் எழுந்தது. ஒரு முற்பகலில் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. பக்கத்துத் தீவுக்கு ஆள் போயிற்று. உலையரிசி வேகும் நேரம்கூட ஆகவில்லை, மருத்துவச்சி வடக்குத் துறையில் இறங்கி ஓடி வந்தாள். கசப்புக் கஷாயம் நாக்கில் பட்டதும் குழந்தை ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சமாதானப்படுத்த வந்தாள்.

"விடுங்க அக்கா, அழட்டும்" என்று சொல்லி, வடிவம்மை அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.