பெருச்சாளி முதலாளியின் பூவரச இலை

கை கீரையை ஆயட்டும், வாய் கதையைச் சொல்லட்டும்.

ஏரிக்கரையில் ஒரு பெருச்சாளி இருந்தது. ஒருநாள் அது ஆலமரத்தடியில் கண்ணி வைத்திருப்பதைப் பார்த்தது. உடனே ஒரு பூவரச இலையில் பல்லால் கொறித்து எழுதியது: "ஆலமரத்தடியில் கண்ணி. யாரும் போகாதீர்கள்!"

அதைப் படித்ததால் முயலின் நாலு குட்டிகளும் தப்பின.

"நீ நல்லா இருக்கணும்யா!" என்று முயல் ஒரு பிடி நெல் கொடுத்தது.

அன்று முதல் தினமும் இலை வந்தது. எழுத அணில்கள். வளைக்கு வளை கொண்டுபோய்ப் போட ஓணான்கள். செய்தி கொண்டுவர, ஆளைக் கண்டால் கத்துமே, அந்த ஆள்காட்டிக் குருவி. நெல் குவிந்தது. நெல் குவிந்ததும் பெருச்சாளி 'முதலாளி' ஆனார். நெல்லைக் கொட்டி வைக்கக் கரையைக் குடைந்து அறைக்கு மேல் அறை கட்டினார். காலையில் முதல் இலையை அவர்தான் படிப்பார். படித்ததை அப்படியே நம்புவார்.

ஒருநாள் காட்டுப்பன்றி ஒரு கூடைக் கிழங்கு அனுப்பியது. "நாளைக்கு என் பிறந்தநாள். முழுப் பக்கம் வாழ்த்து போடுங்க!"

போட்டார். அந்த வருஷம் காட்டுப்பன்றிக்கு ஏழு தடவை பிறந்தநாள் வந்தது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. ஆள்காட்டி பறந்து வந்தது.

"முதலாளி! கரையில தண்ணி கசியுது! உங்க நெல் அறைக்குப் பக்கத்துலதான். நாளைக்கே போடணும்!"

"போட்டா, கரையைக் குடைஞ்சது நான்தான்னு தெரிஞ்சிடுமே! என் பேரு என்னாகும்? இடமும் இல்ல. நாளைக்குப் பன்றியாருக்குப் பிறந்தநாள்!"

"போன வாரம்தானே வந்துச்சு?"

"அது நட்சத்திரப்படி. இது தேதிப்படி!"

மறுநாள் இலை முழுக்கப் பன்றியின் படம். அடியில் முதலாளி சொல்லிப் போட்ட ஒரே ஒரு வரி: "கரை உறுதியாக இருக்கிறது."

ஆள்காட்டி அன்றே வேலையை விட்டது. கரைக்குக் கீழே வளை வளையாகப் போய்க் கத்தியது.

"இலையில அப்படி வரலியே!" என்றது முயல்.

"இலையை விடுங்கக்கா! மண்ணைத் தொட்டுப் பாருங்க!"

முயல் தொட்டது. சொதசொதவென்று இருந்தது. குட்டிகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது.

ஆனாலும் ஆள்காட்டிக்கு மனசு கேட்கவில்லை. முதலாளியின் வாசலிலும் போய் நின்றது. "காலடியில தண்ணி வந்துடுச்சு, வெளியே வாங்க முதலாளி!"

முதலாளி நெல் குவியலில் சாய்ந்தபடி அன்றைய இலையைத் தட்டிக் காட்டினார். "உறுதியா இருக்குன்னு போட்டிருக்கே! நம்ம இலை பொய் சொல்லுமா?"

கரை உடைந்தது.

மறுநாளும் இலை வந்தது. முழுப் பக்கமும் முதலாளிக்குக் கண்ணீர் அஞ்சலி. அவர் பெயரைவிட, அஞ்சலி செலுத்திய காட்டுப்பன்றியின் பெயர் பெரிதாக இருந்தது. எப்படி இறந்தார் என்று எழுதத்தான் இடமில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஊருக்குப் போய்ச் சேரவேண்டிய செய்தியை அமுக்கி வைக்கிறவனுக்கு, அவன் உயிரைக் காப்பாற்ற வேண்டிய செய்தி வாசலுக்கே வந்தாலும் காதில் ஏறா… பிள்ளை முழிச்சிட்டானா? இதோ வர்றேன் அத்தை, தொட்டிலை ஆட்டிக்கிட்டே இருங்க!