பதினோராவது வளைவு

ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரு மலை. அந்த மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. அந்த இருபதையும் ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட கார் ஒன்று இருந்ததாம்.

காருக்கு வயது அறுபத்தெட்டு. சொந்தக்காரர் கனகசபாபதிக்கு அறுபத்துமூன்று. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு நடுங்காத பையன் சேலத்தில் கிடையாது. அப்பேர்ப்பட்டவர், முப்பத்தைந்து வயது பிலோமினாவின் கார் பட்டறைக்குப் போய், "தொழில் கத்துக்கொடுங்க குருவே" என்று நின்றார்.

பிலோமினா அவரை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல சட்டையை மாத்திட்டு வாங்க ஐயா. வெள்ளை இங்க தாங்காது."

தை மாதம் பிறந்தால், பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வரிசை கட்டி ஏற்காடு ஏறுவார்கள். மூன்று வருஷமாக கனகசபாபதியின் கார் பதினோராவது வளைவில் கொதித்து, ஆவி கக்கி நின்றது. தாண்டிப் போகிறவர்கள், "சார், டீக்குத் தண்ணி கொதிச்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மனைவி விசாலாட்சி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இந்த வருஷமும் நின்னுச்சுன்னா, காரை விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரே கோயம்புத்தூர்க்காரர், அவர்கிட்ட கொடுத்துடணும். டயருக்குக் கல்லு வெச்சுட்டு நடுரோட்டுல நிக்க இனிமே என்னால ஆகாது."

கனகசபாபதி தலையாட்டிவிட்டார். ஆறு வருஷமாக, திருகு திருகாகத் தேடிச் சேர்த்து உயிர் கொடுத்த கார் அது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பழைய ஃபேன் என்ஜினோட பெல்ட்ல ஓடுது குருவே. ஏத்தத்துல என்ஜின் திணறினா அதுவும் திணறுது. கரண்ட் ஃபேன் போட்டுடலாமா?"

"போடலாம். நீங்களே போடுங்க."

போட்டார். என்ஜின் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால் புது ஃபேனுக்கு இடம் போதவில்லை. முன்னால் பொருத்தினார். பிலோமினா வந்து குனிந்து பார்த்தார்.

"ஐயா, முன்னால வைக்கிறதா இருந்தா..."

"கிளாம்ப் கெட்டியா இருக்கணும். தெரியும்."

"இல்ல, இந்த இறக்கை..."

"உரசக் கூடாது. ஒரு விரல் இடம் விட்டிருக்கேன்."

"ஒயரு..."

"ரிலே வழியா கொடுத்தாச்சு! நீங்க கவலையே படாதீங்க குருவே."

பிலோமினா டீ குடிக்கப் போய்விட்டார்.

பட்டறை வாசலில் அரை மணி நேரம் என்ஜின் ஓடியது. சூடு காட்டும் முள் அசையவில்லை. கனகசபாபதி ஒரு சுற்று ஆடியே விட்டார். மறுநாள் ஓமலூர் சாலையில் விரட்டிப் பார்த்தார். பத்தாவது கிலோமீட்டரில் முள் விறுவிறுவென்று ஏறியது. பதறி நிறுத்தினார். இறங்கியது. கிளப்பினார். மறுபடி ஏறியது.

"நின்னா குளிருது, ஓடினா கொதிக்குது!" பட்டறைக்குள் வரும்போதே கத்தினார். "இப்படியும் ஒரு கூத்து உண்டா? இன்னும் பெரிய ஃபேனா வாங்கிடட்டுமா?"

மலையேற இரண்டே நாள் இருந்தது.

பிலோமினா செய்தித்தாளில் ஒரு தாளை உருவி அவர் மார்பில் வைத்து, ஸ்கூட்டர் சாவியைக் கையில் கொடுத்தார்.

"தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வாங்க. வேகம் எடுத்ததும் தாளை விட்டுடுங்க."

தலைமையாசிரியர் மார்பில் தாளோடு ஸ்கூட்டரில் போவதைத் தெருவே பார்த்தது. அவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். "விழவே இல்லை குருவே!"

"யாரு பிடிச்சுக்கிட்டா?"

"காத்துதான்."

"இங்க வாங்க."

காரின் ஃபேனை ஓடவிட்டு, அதே தாளை முன் கிரில்லில் வைத்தார் பிலோமினா. தாள் எகிறிப் பறந்து கனகசபாபதியின் முகத்தில் அப்பியது.

அவர் தாளை எடுத்தார். குனிந்து ஃபேனைப் பார்த்தார். ஓடும்போது சாலைக் காற்று தானாகவே உள்ளே வருகிறது. அவருடைய ஃபேன் வாசலில் நின்று அதை வெளியே தள்ளியிருக்கிறது. ரேடியேட்டர் வழியே காற்றைத் தன் பக்கம் இழுக்கச் செய்த ஃபேன் அது; முன்னால் மாட்டியதும், உள்ளேயிருந்து இழுத்து வெளியே ஊதியிருக்கிறது.

"பெரிய ஃபேன் வாங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"இன்னும் சீக்கிரம் கொதிச்சிருக்கும்," என்றார் பிலோமினா.

கனகசபாபதி இறக்கையைக் கழற்றித் திருப்பிப் போட்டார். இரண்டு ஒயரையும் இடம் மாற்றினார். கிரில்லில் தாளை வைத்தார். அது பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

மலையேறும் நாளில் விசாலாட்சிதான் எண்ணிக்கொண்டு வந்தார். ஒன்பதாவது வளைவில், டீக்குத் தண்ணி கொதிச்சிடுச்சா என்று கேட்டவர்களில் ஒருவரின் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. கனகசபாபதி ஹாரன் கூட அடிக்கவில்லை. பத்து. முள் பாதியில் நின்றது. பதினொன்று வந்தபோது விசாலாட்சி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கார் திரும்பியது. முனகவில்லை.

"பன்னெண்டு!" என்றார் விசாலாட்சி. பதினைந்தில் அவர் கூவினார். இருபதில், ஜன்னல் வழியே கையை நீட்டி, யாரென்றே தெரியாதவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டினார்.

மேலே ஏரிக்கரையில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி பிலோமினா காத்திருந்தார். விசாலாட்சி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கோயம்புத்தூர்க்காரர் வேற காரைப் பாத்துக்கட்டும்!"

கனகசபாபதி மெதுவாக வந்தார். "ஒரே ஒரு சந்தேகம் குருவே. நான் மாட்டும்போதே தப்புன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவை சொல்ல வந்தேன் ஐயா. எதிர்க்காத்து பலமா இருந்துச்சு."

விசாலாட்சி சிரித்த சிரிப்பில் படகுத்துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தபடியே பிலோமினாவை இழுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனார்.

கனகசபாபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார். பிறகு அவரும் அவர்கள் பின்னால் நடந்து போனார்.