வாய்க்கால் கரைக்குப் போன சுவரு

ஒரு ஊர்ல ஒரு வாய்க்கா. அந்த வாய்க்காலுக்குப் பக்கத்துல, தாழ்வா ஒரு மண் வீடு. அந்த வீட்ல பவளாயின்னு ஒருத்தி. தூளியில அவ பாப்பா. வீட்டுக்காரரு வெளியூருக்கு அறுப்பு வேலைக்குப் போயிட்டாரு. ம் சொல்லு.

ம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். தண்ணி வர்றதுக்கு முன்னால அவங்கவங்க வீட்டுப் பின்னாடி இருக்கற கரையை அவங்கவங்கதான் மண்ணு போட்டு ஒசத்தணும். எல்லாரும் ஒசத்திட்டாங்க. பவளாயி வீட்டுக்குப் பின்னாடி மட்டும், பல்லு விழுந்த வாய் மாதிரி பள்ளமா கிடந்துச்சு. அப்போ மடை தெறக்கற சோலைமுத்து வந்தாரு.

"நாளைக்குத் தண்ணி வருதும்மா."

"கொஞ்சம் தள்ளிப்போட முடியாதாண்ணே?"

"தண்ணி என்ன என் மச்சானா, சொன்னா நிக்கறதுக்கு? புள்ளைய தூக்கிக்கிட்டு மேட்டுத்தெருவுக்குப் போயிடு."

"போயிட்டுத் திரும்பி வந்தா வீடு இருக்குமாண்ணே?"

சோலைமுத்து அந்தப் பள்ளத்தை எட்டிப் பாத்தாரு.

அப்புறம் அவ காஞ்சு கிடந்த வாய்க்கா மணலை அள்ளிட்டு வந்து கொட்டினா. கொட்டக் கொட்ட சரசரசரன்னு சரிஞ்சுது. மணல் எங்கியாச்சும் நிக்குமா?

ம்ஹும்.

அப்புறம் மண்ணுக்கு எங்க போறது? தூரம் போனா பாப்பா அழறது காதுல விழாதே. அந்தப் பயத்துல, கரைக்குக் கீழயே வெட்டி வெட்டிக் கரை மேல போட்டா. கரை ஒசந்துச்சு. அடியில குழியும் பெருசாச்சு. அப்போ... பொதக். கரை குழிக்குள்ள உக்காந்துடுச்சு.

"காலை வெட்டித் தலையில வச்சிருக்கியேம்மா," ன்னாரு சோலைமுத்து. "களிமண்ணும் சரளையும் கலந்ததுல்ல வேணும். அது ஏரிக்குள்ள கிடக்கு. ஏரி நெறைய தண்ணி."

உள்ள பாப்பா வீல்னு அழுதுச்சு. பவளாயி ஓடிப்போய்த் தூளியை ஆட்டிக்கிட்டே, அலுப்புல பின்பக்கச் சுவத்துல சாஞ்சா. சில்லுனு, கல்லு மாதிரி இருந்துச்சு. எத்தனை மழைக்கும் கரையாத சுவரு. அவளும் வீட்டுக்காரரும் ஏரி மண்ணை மிதிச்சு வச்சு, சுண்ணாம்பு அடிச்ச சுவரு.

தூங்கிட்டியா?

ம்... ம்.

அப்போ அவ தூளியை அவுத்துப் புங்க மரத்துல கட்டினா. மம்பட்டிய எடுத்தா. தொம்... தொம்... தொம்.

"ஏம்மா, வீட்டைக் காப்பாத்த வீட்டையே இடிக்கறியே."

"ஒரு சுவருதாண்ணே. கூரைய மரக்காலுங்க தாங்கிக்கும்."

சோலைமுத்து வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டாரு. அவ சுவத்து மண்ணாங்கட்டிய ஒடச்சுத் தண்ணி தெளிச்சுக் கொட்ட, அவரு மிதிக்க, அவரு கொட்ட, அவ மிதிக்க, சதக்கு பொதக்கு, சதக்கு பொதக்கு. பொழுது சாயறப்போ பள்ளம் மூடிடுச்சு.

மறுநாள் தண்ணி வந்துச்சு. மொதல்ல சலசலன்னு. அப்புறம் குபுகுபுன்னு, கரை விளிம்பு வரைக்கும். அப்போ பவளாயி பாக்கறா, அவ போட்ட மண்ணுல உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ஓடிப்போய்க் கைய வச்சு அழுத்திக்கிட்டா.

"கைய எடும்மா, பாப்போம். கலங்கலா வந்தா மண்ணு கரையுதுன்னு அர்த்தம்."

எடுக்க மாட்டேங்கறா. அப்புறம் மெல்ல, ஒவ்வொரு விரலா எடுத்தா. உள்ளங்கையில ஒரு சொட்டு. கண்ணீராட்டம் தெளிவா இருந்துச்சு.

"கரை நிக்கும்மா," ன்னாரு சோலைமுத்து.

நின்னுச்சு. அந்தக் கரையில இன்னமும் அங்கங்க சுண்ணாம்பு வெள்ளையாத் தெரியுதாம்.

வீட்ல சுவரு?

சுவரு தொலைஞ்சு போகல கண்ணு. கொஞ்சம் தள்ளிப் போய் நிக்குது. அது இருந்த எடத்துல, காத்து வர்ற பக்கமா, பவளாயி படுத்துக்கிட்டா. பாப்பா உள்பக்கம்.

கதை கரையோட நின்னாச்சு. நீயும் உள்பக்கம் தள்ளிப் படு. தூங்கு.